விளக்கொளியில் வளர்ப்புப் பிராணிகள்

நாயும் பூனையும் நம்மோடு வாழ்வது ஏறக்குறைய பத்துப் பதினைந்து ஆண்டுகளே. அவற்றின் சாயலைப் படமாகப் பேணிவைக்க விரும்பாதவர் யார்? ஆயின், அவை நம்மருகே அமைதியாக அமர்வது பெரும்பாலும் இரவிலேதான். அவ்வேளை எடுக்கும் படமோ கலங்கியும் மஞ்சள் படர்ந்தும் அமைந்துவிடுகின்றது.

கலக்கத்துக்குக் காரணம் ஒளிக்குறைவு. 1/15 செக்கன் ஷட்டர் திறந்திருப்பின், அதற்குள் பூனை தலையைத் திருப்பிவிடும். ஆதலின் ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600 அல்லது 3200 என உயர்த்தி, 1/100 செக்கனில் எடுத்தல் நன்று. படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றலாம்; அதனாற் பாதகமில்லை. கலங்கிய முகத்தையோ பின்னர் தெளிவாக்குதல் அரிது. இவ்வேகத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. அதனாற் சில விளக்குகள் செக்கனுக்கு 100 முறை துடிக்கின்றன. 1/100 செக்கனில் ஒரு முழுத் துடிப்பு அடங்குவதால், படத்திற் கரும்பட்டைகள் விழா.

மேசை விளக்கிருப்பின் அருகே கொணர்க. தூரம் பாதியாயின் வெளிச்சம் நான்கு மடங்காகும்.

மின்வெட்டொளியை நேரே பாய்ச்சலாகாது. இவ்விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலமொன்று உண்டு. அதனாற் கண்கள் பச்சையாய் எரிவனபோலத் தோன்றும். வெண்சுவரில் அவ்வொளியைப் பட்டுத் திரும்பச் செய்தால் இக்குறை நீங்கும்.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம், இழைக் குமிழின் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின், பகலொளி 5,500 கெல்வின் என்பதே. கமெராவின் நிறச் சமநிலையை விளக்குக்கேற்ப மாற்றுக. இருவகை விளக்குகளைக் கலவாதிருக்க.

முதுமையுற்ற பிராணி வீட்டிலிருப்பின், இப்பணியை நாளைக்கென ஒத்திவையாது இன்றிரவே தொடங்குவீர்களாக.