பல்வலியைக் கேட்காத பாடம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாரிஸ் நகரில் ஹுஷெட் என்ற குறுகிய தெருவில் ஒரு சிறிய நாடக அரங்கம் இருக்கிறது. 100 பேர்கூட உட்கார முடியாது. 1957 பிப்ரவரி முதல் அங்கே ஒரே இரண்டு நாடகங்கள் தொடர்ந்து நடக்கின்றன. நடிகர்கள் மாறுகிறார்கள், நாடகங்கள் மாறவில்லை. அரங்கை நடத்தியவர் 1975-இல் மறைந்தபின், நடிகர்களே கைகோத்து அதை மூடாமல் காத்தார்கள். இரண்டையும் எழுதியவர் யூஜின் அயனெஸ்கோ. இரண்டுமே நம் தொழிலோடு தொடர்புள்ளவை.

முதல் நாடகம் ‘வழுக்கைத் தலைப் பாடகி’. அயனெஸ்கோ ஆங்கிலம் கற்கப் பாடநூல் ஒன்றை வாங்கினார். வாரத்துக்கு ஏழு நாள், தரை கீழே, கூரை மேலே என்று அதில் வாக்கியங்கள். எல்லாம் உண்மை; ஆனால் எந்த மனிதரும் அப்படிப் பேசிக்கொள்வதில்லை. அந்த வேடிக்கையிலிருந்து பிறந்தது நாடகம். தலைப்புக்கும் ஒரு கதை உண்டு. ஒத்திகையில் ஒரு நடிகர் ‘பொன்னிறக் கூந்தல் ஆசிரியை’ என்பதற்குப் பதிலாக ‘வழுக்கைத் தலைப் பாடகி’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அயனெஸ்கோ அதையே தலைப்பாக்கினார். பிழைக்குள்ளும் புதுமை இருக்கிறது என்று கண்டுகொண்டார். சிவப்பு மை பேனாவைத் திறக்கும்போது நாம் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நாடகம் ‘பாடம்’. தனிப்பாடம் படிக்க ஒரு மாணவி உற்சாகமாக வருகிறாள். கூட்டல் வருகிறது, நான்கிலிருந்து மூன்றைக் கழிக்கத் தெரியவில்லை. ஆனால் மிகப் பெரிய எண்களின் பெருக்கலை நொடியில் சொல்கிறாள். எப்படி? எல்லா விடைகளையும் மனப்பாடம் செய்திருக்கிறாளாம்! அரங்கம் சிரிக்கும். நமக்குச் சிரிப்பு வராது. வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, பத்து ரூபாய்க்கு மீதிச் சில்லறை சொல்லத் திணறும் குழந்தை நம் வகுப்பிலும் இருக்கிறது.

பிறகு அவளுக்குப் பல்வலி வருகிறது. திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பேராசிரியர் பாடத்தை நிறுத்துவதே இல்லை. கூச்சத்தோடு தொடங்கிய அவர் குரல் ஓங்க ஓங்க, அவள் குரல் ஒடுங்குகிறது. முடிவில் அவளைக் கொன்றுவிடுகிறார். உடனே அடுத்த மாணவி அழைப்பு மணியை அடிக்கிறாள்.

மிகைதான். ஆனால் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் “சார், வயிறு வலிக்குது” என்ற குரல் நம் காதில் விழுகிறதா? காலையில் சாப்பிடாததாலா, கணக்குக்குப் பயந்தா என்று விசாரிக்க ஒரு நிமிடம் ஒதுக்குகிறோமா?

என் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒரு மாணவர் ஆசிரியராகிறார். நான் பெஞ்சில் அமர்கிறேன். கடன் வாங்கிக் கழித்தலை அவர் எனக்குச் சொல்லித்தருவார். நான், “ஏன் சார் கடன் வாங்கணும்?” என்று கேட்பேன். விளக்கத் தெரிந்தவருக்குக் கணக்கு புரிந்திருக்கிறது. தடுமாறுபவருக்கு எங்கே உதவி தேவை என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்கு மேடையோ திரையோ செலவோ வேண்டாம்.

அடுத்த வாரம் நீங்களும் பத்து நிமிடம் பெஞ்சில் அமர்ந்து பாருங்கள்.