இலத்தீன் பூசையிலிருந்து தமிழ்த் திருப்பலி வரை: தமிழகத்தில் கத்தோலிக்க வழிபாட்டுச் சீர்திருத்தம்

தமிழகத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு வழிபாடு முழுமையாகத் தமிழில் நடக்கத் தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் நானூறு ஆண்டுக்கும் மேலாகப் பலிபீடத்தில் ஒலித்த மொழி இலத்தீன். குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று தாழ்ந்த குரலில் பூசை மந்திரங்களைச் சொல்வார். அவருக்குப் பின்னால் தரையில் அமர்ந்தும் முழந்தாளிட்டும் இருந்த மக்கள், உபதேசியார் முன்சொல்லத் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் செபம் நிற்கும். குரு உயர்த்திப் பிடிக்கும் அப்பத்தை எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக் கும்பிடுவார்கள். பிறகு செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே கூரையின் கீழ் இரண்டு வழிபாடுகள் நடந்தன: குருவின் இலத்தீன் வழிபாடு ஒன்று, மக்களின் தமிழ் வழிபாடு மற்றொன்று.

இவ்விரண்டும் ஒன்றான கதையே தமிழகத்தில் வழிபாட்டுச் சீர்திருத்தத்தின் கதை. உரோமையிலிருந்து வந்த ஆணைகளைத் தேதிவாரியாக அடுக்கினால் அதில் பாதிதான் கிடைக்கும். வழிபாட்டை மண்ணுக்கேற்ப அமைப்பதென்றால் இந்த மண்ணில் யாருடைய வழக்கத்தை ஏற்பது என்ற வினா மறுபாதி. அந்த வினா 20ஆம் நூற்றாண்டில் எழுந்ததன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அதன் களங்களுள் சேலம், நாமக்கல் சமவெளியும் ஒன்று.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோதே அடிப்படைச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் மனப்பாடமாகக் கற்பித்தார். அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே ஒரு மறைக்கல்வி நூல்தான். அதே காலத்தில் ஐரோப்பாவில் போக்கு வேறாக இருந்தது. திரெந்துப் பொதுச்சங்கத்தின் முடிவுகளையொட்டி ஐந்தாம் பயஸ் 1570இல் வெளியிட்ட திருப்பலி நூல், இலத்தீன் வழிபாட்டை ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் ஒரே வடிவில் நிலைநிறுத்தியது. செபம், போதனை, பாட்டு, புனிதர் வரலாறு ஆகியவை தமிழிலும், பூசையும் அருட்சாதனங்களும் இலத்தீனிலும் என்ற பிரிவினை இப்படித்தான் உறைந்தது.

இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு போன்றவை சமூக அடையாளங்களே என்றும், மதம் மாறுவோர் அவற்றை விடவேண்டியதில்லை என்றும் வாதிட்டார். 1623 ஜனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரி அந்த வாதத்தை நிபந்தனைகளோடு ஏற்றார். அதே ஆண்டில் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். இவ்வட்டாரத்தின் கத்தோலிக்க வரலாற்றில் அப்பயணம் ஒரு தொடக்கப்புள்ளி. அரண்மனை வாசலில் துறவிக் கோலத்தில் நின்று பேசியவர் ஏற்றுக்கொண்டது பெரிதும் உயர்சாதியாரின் வழக்கங்களையே. ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணிபுரியப் பின்னர்ப் பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டனர். வழிபாட்டைத் தமிழ் மண்ணோடு இணைத்த முதல் பெருமுயற்சியே சாதிப் பிளவையும் உடன் சுமந்தது. தெ நொபிலியின் அறிவாற்றலும் துணிவும் எவ்வளவு மதிப்புக்குரியவையோ, அவ்வளவு வெளிப்படையாக இதையும் சொல்ல வேண்டும்.

எதிர்வினை புதுச்சேரியில் வெடித்தது. திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணை ‘மலபார் சடங்குகள்’ என்று ஐரோப்பியர் அழைத்தவற்றில் பலவற்றைத் தடைசெய்தது. அந்த ஆணையின் இரண்டு கூறுகளை நெருங்கிப் பார்க்கலாம். அக்கால ஞானஸ்நானச் சடங்கில் குரு தம் உமிழ்நீரை விரலில் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். காது கேளாதவரை இயேசு குணமாக்கிய நற்செய்தி நிகழ்ச்சியின் நினைவாக ஏற்பட்ட வழக்கம் அது. எச்சிலைத் தீட்டாகக் கருதும் சமூகத்தில் இது அருவருப்பை உண்டாக்கியதால் மதுரை மிஷன் குருக்கள் அதை விட்டுவிட்டனர். கட்டாயம் செய்தே ஆகவேண்டும் என்றார் தூர்னோன். இன்னொரு கூறு, பறையர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடப்போரின் வீட்டுக்கே குரு சென்று அருட்சாதனம் தரவேண்டும் என்றது. உள்ளூர் உணர்வை மதிக்காத ஆணையாகவும், ஒடுக்கப்பட்டோரின் உரிமையைக் காத்த ஆணையாகவும் ஒரே ஆவணம் இருந்தது. இதை ‘ஐரோப்பியத் திணிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடும் வரலாற்றாசிரியர்கள் இரண்டாவது கூறைப் படிக்கத் தவறுகிறார்கள்.

நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தார். உமிழ்நீர்ச் சடங்குக்குக் காலவரையறையோடு விலக்குத் தந்தார். பறையர் மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் யோசனையையும் ஏற்றார். தடைகளைக் கடைப்பிடிப்பதாக மிஷனரிகள் எடுக்கவேண்டிய உறுதிமொழி 1940 வரை நீடித்தது. குழந்தைகளின் திருமுழுக்குக்கான புதிய சடங்குநூல் 1969இல் வந்தபோது உமிழ்நீர் அதில் இல்லை. தமிழ்ப் பெற்றோர் முகம் சுளித்த ஒரு செயல் உலகத் திருச்சபையின் நூலிலிருந்து நீங்க, தூர்னோனின் ஆணையிலிருந்து 265 ஆண்டுகள் ஆயின.

நவீன காலச் சீர்திருத்தத்தின் ஊற்று ஐரோப்பிய மடங்களில் இருந்தது. 1833இல் பிரான்சின் சொலேம் மடத்தை மீண்டும் நிறுவிய கெராஞ்சே, பெல்ஜியத்தின் மலீன் மாநாட்டில் 1909இல் மக்களின் பங்கேற்பை வலியுறுத்திய லாம்பெர் பொதுவென், செருமானிய நாட்டின் குவார்தினி ஆகியோரின் எழுத்துகள் பாதை அமைத்தன. பத்தாம் பயஸ் 1903இல் திருச்சபை இசை பற்றிய மடலில், வழிபாட்டில் மக்கள் ஈடுபட்டுப் பங்கேற்பதே கிறிஸ்தவ வாழ்வின் முதல் ஊற்று என்ற கருத்தை முன்வைத்தார். 1905இல் அடிக்கடி நற்கருணை உட்கொள்ளவும், 1910இல் ஏறத்தாழ ஏழு வயதிலேயே அதைப் பெறவும் வழி திறந்தார்.

இங்குள்ள நாட்டுப்புறப் பங்குகளுக்கு உடனடிப் பயன் தந்தவை பன்னிரண்டாம் பயஸின் மாற்றங்கள். நற்கருணை வாங்குவோர் முந்தின நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தக்கூடாது என்பது பழைய விதி. ஒரே குரு பல கிளைக் கிராமங்களைப் பார்த்துக்கொண்ட இடங்களில், அவர் வந்து சேரும்வரை கைக்குழந்தைக்காரியும் கிழவரும் வெறும் வயிற்றோடு காத்திருக்க நேர்ந்தது. 1953இல் தண்ணீருக்கு அனுமதி வந்தது. மாலைப் பூசைக்கும் வழி பிறந்தது. 1957இல் உண்ணாநோன்பு மூன்று மணி நேரமானது. அவருக்குப் பின் 1964இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். பகலெல்லாம் காட்டு வேலைக்குப் போய் அந்தியில் வீடு திரும்புவோர் வாழும் ஊர்களில், இறையியல் விளக்கம் எதைவிடவும் இந்த மாற்றமே மக்களைப் பந்திக்கு அழைத்துவந்தது எனலாம்.

பாஸ்கு வழிபாடும் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில்தான் இரவுக்குத் திரும்பியது. உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவுக்குரிய அச்சடங்கு, பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. சன்னல்வழி வெயில் விழுந்துகொண்டிருக்கும் கோயிலில் பாஸ்குத் திரியை ஏற்றி, இந்த இரவே மீட்பின் இரவு என்று குரு இலத்தீனில் பாடுவார். 1951இல் சோதனையாகவும், 1956 முதல் கட்டாயமாகவும் அது இரவுக்கு மாறியது. இருண்ட கோயிலில் ஒரு திரியிலிருந்து நூறு திரிகள் ஒளியேற்றுவதைத் தமிழகம் கண்டது அதன் பிறகே.

இருபத்துமூன்றாம் யோவான் கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 அக்டோபர் 11இல் தொடங்கியது. அதன் முதல் கொள்கைத் திரட்டே திருவழிபாடு பற்றியது; 1963 டிசம்பர் 4இல் 2,147 வாக்குகள் ஆதரவாகவும் 4 வாக்குகள் எதிராகவும் விழ, அது நிறைவேறியது. தாய்மொழிக்கு இடம், மக்களின் முழுமையான பங்கேற்பு, பல்வேறு இனங்களின் பண்புக்கேற்ற தழுவல் ஆகிய மூன்றும் அதில் உறுதிபெற்றன. 1965 மார்ச் 7 முதல் பூசையின் சில பகுதிகளும், 1967 முதல் நடுப்பகுதியான நற்கருணை மன்றாட்டும் தாய்மொழிக்கு வரலாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் பாதி தமிழும் பாதி இலத்தீனுமாக ஒரே பூசை நடந்தது. ஆறாம் பவுலின் புதிய திருப்பலி முறை 1969 நவம்பர் 30, திருவருகைக்கால முதல் ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்தது.

1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்துக்கு அப்போது ஆயர் வெண்மணி செல்வநாதர். 1949 முதல் 1973 வரை பொறுப்பில் இருந்தவர். வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் தொடங்கிக் காவிரிக் கரைவரை உள்ள ஊர்கள் புதிய வழிபாட்டுக்கு மாறியது அவர் காலத்தில். பழைய மரவேலைப்பாட்டுப் பீடத்துக்கு முன்னால் ஒரு மேசைப்பீடம் இடப்பட்டது. குரு மக்களை நோக்கி நின்றார். பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியானார், அர்ச்சியசிஷ்டவர்கள் புனிதர்களானார்கள். தமிழுணர்வு ஓங்கியிருந்த அந்த ஆண்டுகளில் நாட்டின் மொழிநடையும் கோயிலின் மொழிநடையும் ஒருசேர மாறின. பாட்டியின் செபமும் பேரனின் செபமும் வேறு வேறு சொற்களில் அமைந்த காலம் அது. அந்தப் பழஞ்சொற்களோடு ஒரு பக்திநடையும் மறைந்தது. ஈடாகக் கிடைத்த தெளிவு பெரிது, இழப்பும் மெய்யானதே.

தழுவலின் பெரிய முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் விழுப்புரத்தை அடுத்த கல்லேரியில் 1932இல் பிறந்த அருள்பணி து. சை. அமலோர்பவதாஸ். பின்னர்க் கர்தினாலான சைமன் லூர்துசாமி அவர் அண்ணன். இந்திய ஆயர் பேரவை பெங்களூரில் அமைத்த தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை 1967 முதல் அவர் நடத்தினார். அங்கு உருவான பன்னிரண்டு அம்சத் திட்டத்துக்கு உரோமை 1969 ஏப்ரல் 25இல் ஒப்புதல் தந்தது. காலணி கழற்றித் தரையில் அமர்தல், முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தலைவணங்குதல், பஞ்சாங்க வணக்கம், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு, தட்டில் மலரும் தூபமும் தீபமும் கொண்டு ஆரத்தி, எளிய மேலாடையும் தோள்துண்டும் அணிந்த குரு ஆகியவை அதில் அடங்கும்.

இதில் பாதி, தமிழ்க் கிராமங்கள் ஏற்கெனவே செய்துவந்தது. செருப்பை வாசலில் விட்டு, ஆண்கள் ஒருபுறம் பெண்கள் ஒருபுறமாகத் தரையில் அமர்வதற்கு அவர்கள் யாரிடமும் ஒப்புதல் கேட்டதில்லை. புதிதாக வந்தவற்றுள் வேரூன்றியவை சில: குத்துவிளக்கு இன்று எங்கும் உண்டு, சமாதானம் பகிரும்போது கைகூப்புவதே இயல்பாகிவிட்டது, ஆரத்தி திருவிழா நாள்களில் நிகழ்கிறது. குருவின் தோள்துண்டு ஆசிரமங்களைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. மக்களிடம் முன்பே இருந்தவையும் மக்களுக்குப் புரிந்தவையும் நிலைத்தன. அறிஞர் அவை வகுத்தவற்றின் கதி வேறு.

அமலோர்பவதாஸ் இன்னும் முன்னேற விரும்பினார். பிற சமய மறைநூல்களை வழிபாட்டில் படிப்பது பற்றி 1974இல் பெங்களூரில் ஆய்வரங்கு நடத்தினார். இந்திய நற்கருணை மன்றாட்டு ஒன்றும் உருவாகியிருந்தது. 1975இல் உரோமை இவ்விரண்டையும் நிறுத்தியது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் பிரெஞ்சுக் குருக்களான மோன்ஷானனும் லெ சோவும் 1950இல் நிறுவிய சாந்திவனம் ஆசிரமம், பின்னர் பீட் கிரிஃபித்ஸின் தலைமையில் இதே பாதையில் தொடர்ந்தது.

இத்தழுவல் முயற்சிகளுக்கு எதிர்ப்பு இரு திசையிலிருந்து வந்தது. சென்னையின் விக்டர் குழந்தை போன்ற பொதுநிலையினர் இதைத் திருச்சபையை இந்துமயமாக்கும் வேலை என்று கண்டித்தனர். தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களின் கேள்வி வேறு: சமஸ்கிருத மந்திரமும் ஆசிரமக் கோலமும் யாருடைய பண்பாடு? முதல் கண்டனம் காலப்போக்கில் ஓய்ந்தது. இரண்டாவது கேள்வியின் எடை குறையவில்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலே பிரித்துக் கட்டப்பட்டதும், தடுப்பை அகற்றும்போது கலவரம் மூண்டதும் வரலாறு. தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை குறித்த சச்சரவுகள் புதிய திருப்பலி வந்த பின்னும் நீடித்தன. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். பறையும் நாட்டுப்புற மெட்டும் கொண்டு அவர் வழிபாடு அமைத்தார். தெ நொபிலியின் நாளில் ஒதுக்கப்பட்ட மக்களின் ஓசை பீடத்தருகே வரமுடியும் என்பதற்கு அது சான்றாக நின்றது.

கொடியேற்றம், தேர்ப்பவனி, மொட்டை, நேர்த்திக்கடன், பாஸ்கு நாடகம், வியாகுலப் பிரசங்கம் ஆகியவற்றைச் சீர்திருத்தக்காரர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. மக்கள் பக்தி பற்றி உரோமை விரிவான வழிகாட்டி வெளியிட்டது 2001இல்தான். இதற்கிடையே பொங்கல் திருநாளன்று கோயில் முற்றத்தில் பானை வைத்துத் திருப்பலி நிறைவேற்றும் வழக்கம் பங்குகள்தோறும் பரவிவிட்டது.

மொழிபெயர்ப்பின் அதிகாரமும் இடம் மாறியிருக்கிறது. 2001இன் உரோமை ஆவணம் இலத்தீன் மூலத்தைச் சொல்லுக்குச் சொல் ஒட்டிய பெயர்ப்பைக் கோரியது. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், மொழிபெயர்ப்பை ஆயத்தப்படுத்தி ஏற்கும் பொறுப்பை ஆயர் பேரவைகளிடம் அளித்து, அதை உறுதிசெய்யும் வேலையை உரோமைக்கு வைத்தார். ஆகவே தமிழில் திருப்பலிச் சொற்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் இப்போது இந்திய, இலங்கை ஆயர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் தமிழறிஞர்களுமே.