பத்தாம் வகுப்புக்குப் பின்: தொழிற்கல்வியும் நம் பிள்ளைகளும்

(தொண்டூரில் நடைபெற்ற கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு ஓர் அன்சாரித் தோழர் வந்த செய்தி அபூதாவூத் ஹதீஸ் நூலில் இருக்கிறது. அவர் வீட்டில் இருந்தது ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும்தான். அண்ணலார் அவற்றை ஏலம் விட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு, மற்றதற்கு ஒரு கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பி வந்தார்.

இதில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. கையில் கருவி கொடுத்தது, அதைப் பயன்படுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தது, பிறகு என்ன ஆயிற்று என்று விசாரித்தது. நம் பிள்ளைகளின் தொழிற்கல்வியை இந்த மூன்றையும் வைத்துப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 1978ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் சேர்ந்து வந்தது. இயந்திரவியல், மின்சாரம், வேளாண்மை, நெசவு, செவிலியம், கணக்குப் பதிவியல், தணிக்கை என்று பல பிரிவுகள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வராமல், பல பள்ளிகளில் பிரிவே மூடப்பட்டது. இருக்கிற இடங்களிலும் "மார்க் குறைந்தவன் போகிற குரூப்" என்று பெற்றோராகிய நாமே பெயர் வைத்துவிட்டோம்.

விளைவு என்ன? பத்தாவதோடு நிற்கிற பையன் மெக்கானிக் ஷெட்டுக்கோ சென்னையில் ஒரு கடைக்கோ போகிறான். பத்து வருடத்தில் கை நன்றாகப் பழகிவிடுகிறது. ஆனால் அவன் கையில் ஒரு சான்றிதழ் இல்லை. வெளிநாடு போனாலும் ஹெல்பர் விசாதான். முஸ்லிம்களில் சுயதொழில் செய்வோர் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்று 2006ல் சச்சார் குழு சொன்னது. உழைப்புக்கு நம்மிடம் குறைவில்லை. அந்த உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்கத்தான் வழி செய்ய வேண்டும்.

தொழிற்கல்வி முட்டுச்சந்து அல்ல. பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியல் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டு. பத்தாவது முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்தவருக்கும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு திறந்தே இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுச் சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய். பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் உச்ச வயது வரம்பே இல்லை; படிப்பை விட்டு வீட்டிலிருக்கும் நம் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் அனுபவச் சான்றுடன் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழியுண்டு.

இனி முதலில் சொன்ன மூன்றுக்கு வருவோம்.

முதலாவது, கருவி. 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீனமாக்கப்பட்டுள்ளன. ரோபோவும் கணினி வழி இயந்திரங்களும் வந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்து ஆய்வகத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும். பழைய மோட்டாரைப் படத்தில் பார்த்துப் படித்தவனால் இன்றைய இன்வெர்ட்டர் ஏசியைப் பழுதுபார்க்க முடியாது.

இரண்டாவது, பிடி போட்டுத் தருகிற கை. நிரந்தர ஆசிரியர் வேண்டும். அதோடு உண்மையான வேலையிடமும் வேண்டும். ஜெர்மனியில் தொழில் பயிலும் இளைஞர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், மற்ற நாள் வகுப்பில் இருக்கிறார். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் நம்மவர்கள் ஒர்க்‌ஷாப், தையலகம், மின்சாமான் கடை நடத்துகிறார்கள். ஒவ்வொருவரும் விடுமுறையில் இரண்டு மாணவர்களுக்கு முறையாகக் கற்றுத் தரலாம். எடுபிடி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, விசாரிப்பது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அதன் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. ஜும்ஆ முடிந்து போகலாம். தொழிற்பிரிவு இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா, இயந்திரம் ஓடுகிறதா, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தீர்மானம் போட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு முறை கேட்டு விட்டுவிடாதீர்கள்.

ஜமாஅத்துக்கும் ஒரு வேண்டுகோள். பத்தாவது எழுதிய நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கட்டும். யார் எங்கே சேர்ந்தார், யார் நின்றுவிட்டார் என்று ஆகஸ்டில் ஒருமுறை பாருங்கள். நின்றவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய் வாருங்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமாக இருந்தால், ரமலானில் கொடுக்கும் அரிசியோடு படிப்பு முடித்த பிள்ளைக்கு ஒரு வெல்டிங் மெஷினோ தையல் மெஷினோ வாங்கிக் கொடுங்கள். அடுத்த சில வருடங்களில் அந்த வீடு ஜகாத் கொடுக்கும் வீடாக மாறலாம், இன்ஷா அல்லாஹ்.

தாவூத் நபி (அலை) இரும்பால் கவசம் செய்தார்கள். ஜக்கரிய்யா நபி (அலை) தச்சர். கைத்தொழில் தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. மாணவர்களே, ஐ.டி.ஐ. சேர்ந்தேன் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். பெற்றோர்களே, அப்படிச் சொல்லும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.