முற்றமும் சீமெந்தும்



வீடு என்னும்போது நாம் சுவரையும் கூரையையும் மட்டும் கருதுவதில்லை. வீட்டைச் சூழ்ந்த வளவு, வளவின் முகமாகிய முற்றம், கோடியில் உள்ள கிணறு, வேலியோரத்து வேம்பு ஆகிய யாவும் சேர்ந்ததே வீடாகும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் முற்றம் மண்ணாகவே இருந்தது. விடியற்காலையில் அதனைக் கூட்டிச் சாணநீர் தெளித்தல் நாளின் முதற் கடமையாக விளங்கிற்று. இன்று அம்முற்றம் விரைந்து மறைந்து வருகின்றது. படலை இருந்த இடத்தில் இரும்புக் கதவு. அங்கிருந்து வாசற்படி வரையில் சீமெந்துத் தரை. எஞ்சிய இடமெங்கும் ஒன்றோடொன்று பொருந்தும் சீமெந்துக் கற்கள். கடைகளின் முன்றலிலோ ஒரு சாண் மண்ணைக் காண்பதும் அரிதாகிவிட்டது. இம்மாற்றம் பற்றிய சில எண்ணங்களை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

சீமெந்தைப் பழிப்பது என் நோக்கமன்று. லீட்ஸ் நகரத்துக் கொத்தனாராகிய யோசேப்பு அஸ்ப்டின் என்பார் 1824 ஆம் ஆண்டில் போட்லன்ட் சீமெந்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். அன்று தொட்டு அது உலகத்துக்குச் செய்த தொண்டு பெரிது. நமக்கும் அது அயற்பொருளன்று. காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய தொழிற்சாலை, குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லையே சீமெந்தாக்கிற்று. 1990 ஆம் ஆண்டில், போர்ச் சூழலிலே, அதன் இயக்கம் நின்றது. மாரி காலத்துச் சேற்றில் முதியோர் வழுக்கி விழாதிருக்கவும், சக்கர நாற்காலியில் செல்வோர் தடையின்றி நடமாடவும், கடைக்கு வரும் பாரவண்டி புதையாது நிற்கவும் உறுதியான தரை வேண்டும். கிணற்றடிக்கோ அது இன்றியமையாதது. குளித்த நீரும் துவைத்த நீரும் மீண்டும் கிணற்றினுள் கசியாது தடுப்பது கிணற்றைச் சுற்றியுள்ள சீமெந்துக் கட்டேயாகும்.

ஆயின், தேவையான இடத்தில் இடுவது வேறு. வளவு முழுவதையும் மூடிவிடுவது வேறு. இவ்வேறுபாட்டை மற்றெல்லாரினும் குடாநாட்டு மக்கள் நன்கு உணர்தல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மழை மண்ணின் வழியே இறங்கிச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்நன்னீர், கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞரின் பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறையுமாயின், காலப்போக்கில் கீழே உவர்நீர் அதனைப்போல் நாற்பது மடங்கு ஏறிவர இடமாகும். கிணற்று நீர் உவர்ப்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

ஒரு சிறு கணக்கினை மாணவர்க்குச் சொல்வதுபோல் இங்குச் சொல்கின்றேன். ஒரு பரப்பு நிலம் 10 பேர்ச். அஃதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீராகும். ஆண்டு மழையை 1000 மில்லிமீற்றர் என்று கொண்டால், ஒரு பரப்பு நிலத்தில் விழும் நீர் இரண்டரை இலட்சம் லீற்றர். மண் திறந்திருந்தால் அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதியை மரஞ்செடிகள் பருகும். எஞ்சியது நிலத்துள் இறங்கும். தரையை மூடிவிட்டால், அதன் பெரும்பகுதி ஒழுங்கையில் ஓடி, அயலவர் வளவில் தேங்கி, வாய்க்கால் வழியே கடலைச் சேரும். நமது கிணறு தாகத்தோடு இருக்க, அயலவர் வீட்டில் வெள்ளம் நிற்கும்! கொழும்பிலும் நிலத்தை மூடியதன் விளைவைக் கண்டிருக்கின்றோம். 2010 நவம்பரில் பெய்த பெருமழையின்போது பாராளுமன்ற வளாகமும் நீரில் மூழ்கிற்று. தாழ்நிலங்கள் நிரப்பப்பட்டமையும் அதற்கு ஒரு காரணமன்றோ?

அண்மையில் எமது பாடசாலை முன்றல் முழுவதற்கும் கல் பதித்துத் தரப் பழைய மாணவர் சிலர் முன்வந்தனர். அவர்தம் அன்பைத் தட்டவும் மனமில்லை. பிள்ளைகள் விளையாடும் மணலை இழக்கவும் மனமில்லை. கலந்து பேசி, வாயிலிலிருந்து வகுப்பறைகள் வரையில் நடைபாதைக்கு மட்டும் கல் பதித்தோம். எஞ்சிய பணத்தில் கூரை நீர் இறங்குவதற்கு உறிஞ்சு குழிகள் அமைத்தோம். “செலவழித்த பணம் கண்ணுக்குத் தெரியவில்லையே” என்று பெற்றோர் ஒருவர் குறைப்பட்டார். அவர் கூறியதில் உண்மை உண்டு. நிலத்தின் கீழ் நிகழும் நன்மைக்குத் திறப்பு விழா எடுக்க இயலாது.

இனி, தரையிட எண்ணுவோர் கருத்திற் கொள்ளத்தக்கன சிலவற்றைக் கூறுவேன்.

வாகனம் செல்லும் வழிக்கு முழுத் தரை வேண்டுவதில்லை. சக்கரம் படும் இரு பட்டைகள் போதும். நடுவே புல் வளரட்டும். தரையின் சரிவு சுவரை விட்டு விலகிச் செல்ல வேண்டும். அந்நீர் தெருவை நோக்காது, வாழைப் பாத்தியையோ தென்னையடியையோ நோக்குதல் நன்று. தரையில் பள்ளம் விழாதிருத்தல் அவசியம். தேங்கிய தெளிநீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகும். மரத்தடியை இறுக மூடாது, வேர் நீரும் காற்றும் பெற வட்டமாக மண் விடுக.

உறிஞ்சு குழிக்குள் தூய மழைநீரையே விடுதல் வேண்டும். வாகனம் கழுவிய நீரும் எண்ணெய்க் கழிவும் அதனுள் சேரலாகாது. நமது பாறை நீரை வடிகட்டித் தருவதன்று. வெடிப்புகளின் வழியே அழுக்கையும் விரைவிற் கடத்துவது. வாகனம் திருத்தும் நிலையங்களும் எரிபொருள் விற்போரும் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அத்தகைய இடங்களில் தரையை மூடி, கழிவைத் தனியே பிரித்தெடுப்பதே முறை.

இட்ட தரை நிலைக்கவும் வேண்டும். கலவையில் நீர் மிகுந்தால் வேலை இலகுவாகும்; வலிமையோ குறையும். இட்டபின் குறைந்தது ஏழு நாளேனும் ஈரம் காயாது காத்தல் வேண்டும். கழுவாத கடல்மணலைக் கம்பியிட்ட கொங்கிறீற்றுக்குப் பயன்படுத்தினால், அதன் உப்பு கம்பியை அரித்துவிடும்.

நேயர்களே, இன்றைய தேவைக்காக நமக்குத் தரை வேண்டும். நாளைய தேவைக்காக நம் பிள்ளைகளுக்கு நன்னீர் வேண்டும். இரண்டையும் பெறுதல் இயலாததன்று. சீமெந்து மூடையை அவிழ்க்குமுன் வீட்டாரும் கொத்தனாரும் கூடி நின்று ஒரு வினாவை எழுப்புவார்களாக: இவ்விடத்தில் விழும் மழை இனி எங்கே செல்லும்? அவ்வினாவுக்குத் தக்க விடை கிடைத்தபின் வேலையைத் தொடங்குதல் நலமாகும்.