பழிச்சொல்லும் மாற்றுச்சொல்லும்



வகுப்பில் அலறும், நூலைக் கிழிக்கும், அருகிலிருப்போரை அடிக்கும் பிள்ளையைப் பற்றி அதன் பெற்றோரிடம் எவ்வாறு பேசுகிறோம்? இவ்வினாவை முதலில் எங்களிடமே கேட்டுக்கொண்டோம். ஒரு பிள்ளையின் குறிப்பேட்டில் நாள்தோறும் 'இன்றும் அடங்கவில்லை' என்றெழுதி அனுப்பிவந்தோம். சில வாரங்களில் அக்குறிப்பேடு திரும்பி வருவது நின்றது. தாயாரும் பள்ளிக்கு வருவதைத் தவிர்த்தார். நாங்கள் எழுதியது செய்தியன்று, பழி என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இப்பழிக்கு நெடிய வரலாறு உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்திற்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று அறிஞர் பலரும் நம்பினர். மதியிறுக்கமுள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்டு 1964ஆம் ஆண்டில் ஒரு நூலெழுதி அதனை மறுத்தார். அக்கருத்து வீழ்ந்தது, ஆயினும் 'வளர்ப்புச் சரியில்லை' என்னும் பேச்சு இன்னும் நம் நாவில் இருக்கிறது.

1985ஆம் ஆண்டில் எட்வர்டு கார், மார்க் டுராண்டு ஆகிய இருவரும் வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். பாடம் கடினமானபோதோ பெரியவரின் கவனம் குறைந்தபோதோ அப்பிள்ளைகள் குழப்பம் விளைவித்தனர். உதவியையோ கவனத்தையோ கேட்டுப்பெறும் தொடர்களைக் கற்பித்ததும் அக்குழப்பம் குறைந்தது. காரணத்தோடு பொருந்தாத தொடரைக் கற்பித்தபோது அப்பயன் விளையவில்லை. ஆகவே, சொல்லைக் கற்பிக்குமுன் காரணத்தை அறிதல் வேண்டும். அதற்குப் பிள்ளையோடு வாழும் பெற்றோரின் துணை இன்றியமையாதது.

அவர்களிடம் மூன்று வினாக்களைக் கேட்போம்: அதற்குமுன் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தது? அதன்பின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? மாலையில் வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளை நூலை வீசுகிறது. களைத்த தாயார் நூலை எடுத்து வைத்துவிடுகிறார் எனக் கொள்வோம். வீசினால் ஓய்வு கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. இது தாயாரின் குற்றமன்று. எவர் வீட்டிலும் நிகழக்கூடியதே. 'கொஞ்சம் ஓய்வு வேணும்' என்று சொல்லவோ, ஓர் அட்டையைக் காட்டவோ பழக்கலாம். கேட்டவுடன் சிறிது ஓய்வளித்து, மீண்டும் பாடத்திற்கு அழைத்தால், வீசவேண்டிய தேவை மெல்லக் குறையும்.

அச்சொல் வீட்டுமொழியில் இருக்கட்டும். பாட்டிக்குப் புரியாத சொல்லால் பாட்டியிடம் ஓய்வு கேட்க இயலாது. இருமொழிச் சூழல் பிள்ளையைக் குழப்பும் என்றஞ்சித் தமிழைக் கைவிடும் பெற்றோரும் உளர். மதியிறுக்கமுள்ள பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளில், இரு மொழிகளைக் கேட்டு வளர்வது கூடுதல் மொழித் தாமதத்தை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. இதனை அவர்களுக்கு எடுத்துரைத்தல் தமிழாசிரியரின் கடமை.

சிங்கப்பூரில் 2019 முதல், மிதமானது தொடங்கிக் கடுமையானது வரையிலான சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் வந்துள்ளனர். அவர்தம் பெற்றோர் தயக்கமின்றி நம்மிடம் பேசுவதற்கு நம் சொற்களே வழிசெய்ய வேண்டும்.

இப்போது குறிப்பேட்டில், 'பத்து மணிக்கு மணியோசை கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அழுதான்; வீட்டிலும் இவ்வாறு நிகழ்வதுண்டா?' என்று எழுதுகிறோம். மறுநாள் அதற்கு விடை வருகிறது.