புள்ளியை விழுங்கும் ஒப்பனை



செருமானிய எழுத்தோவியர் எர்மன் சாப்பு 1944-இல் தம் குறிப்பேட்டில் மயிரிழைக் கோடுகளால் ஒரு கையெழுத்தை வரைந்தார். அதன் நீண்ட சுழிப்புகள் ஈய அச்சுக்குள் அடங்கவில்லை. 1998-இல்தான் கணிப்பொறித் துணையால் 'சாப்பினோ' என்னும் எழுத்துருவாய் வெளிப்போந்தது. ஓரெழுத்துக்கே பல வடிவங்கள் அதிலுண்டு. ஆதலின் எழுதிய கையின் உயிர்ப்புக் குன்றாது.

பருத்தும் மெலிந்தும் ஓடும் அக்கோடு, உரோம எழுத்தை எழுதிய அகன்ற முனைக்கோல் தந்த கொடை. தமிழெழுத்தோ பன்னூற்றாண்டுகள் ஓலையில் எழுத்தாணியால் வளைந்தது. அதன் கோடு எங்கும் ஒரே பருமனுடையது. அதனையும் சாய்த்து, மெலிவித்து, திருமண அழைப்பிதழில் பதிக்கின்றனர். புள்ளி தூசாய் மறைகின்றது. 'மணமக்கள்' 'மணமககள' ஆகின்றனர்! என்னே ஒப்பனை!

ஓலையிலும் புள்ளி இல்லையே என்பர் சிலர். உண்மைதான், ஓலை கிழியுமென விடுத்தனர் என்பர். சுவடி பதித்தோர் அதனால் பட்ட பாடு சிறிதன்று. தாளுக்கு அவ்வச்சம் ஏது? மெய்க்குப் புள்ளி தொல்காப்பியர் வகுத்த இலக்கணமன்றோ?

அழகு வேண்டுமா? 'இ', 'ஞ', 'ழ' ஆகியவற்றின் சுழிகளை எழுத்தமைப்போர் விரும்பியவாறு நீட்டுக. புள்ளியை மட்டும் கண்ணுக்குத் தெரிய வைக்க.