உள்ளத்தின் நோயும் ஒரு மாத்திரையும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தற்கொலை ஹராம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதை இங்கு விளக்க முற்படவில்லை. ஆனால், 'ஈமான் குறைந்ததால்தான் இப்படிச் செய்துவிட்டான்' என்று மய்யித்து வீட்டு வாசலிலேயே தீர்ப்பளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது குறித்தே பேச விரும்புகிறோம்.

கஞ்சாவின் போதைப் பொருளை 1964இல் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் பிரித்தெடுத்தனர். அது சென்று பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பது பின்னர் தெரிய வந்தது. இறைவன் நம் மூளையைக் கஞ்சாவுக்காகப் படைக்கவில்லையே! 1992இல் விடை கிடைத்தது. நம் மூளையே அதற்கேற்ற பொருளைச் சுரக்கிறது. 'ஆனந்தம்' என்ற வடமொழிச் சொல்லைக் கொண்டு அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். மூளையின் ஓர் உயிரணு மிகையாகச் செய்தி அனுப்பினால், அதைப் பெறும் அணு இத்தகைய பொருளைப் பின்னோக்கி அனுப்பி அடக்குகிறது. அச்சமும் கவலையும் பசியும் அளவில் நிற்க இவ்வமைப்பு துணைபுரிகிறது.

அந்த ஏற்பியை அடைத்தால் என்ன நேரும்? 2006இல் ஐரோப்பாவில் உடல் பருமனைக் குறைக்க ரிமோனபன்ட் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அது செய்தது இவ்வடைப்பைத்தான். பசி குறைந்தது, எடையும் குறைந்தது. ஆனால் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும், சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தோன்றின. 18,695 பேரிடம் நடந்த ஆய்வில், இம்மருந்தை உண்ட பிரிவில் நால்வரும், மருந்தற்ற மாத்திரை உண்ட பிரிவில் ஒருவரும் தற்கொலை செய்துகொண்டனர். எண்ணிக்கை சிறிதுதான், எனினும் பிற ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. 2008 அக்டோபரில் ஐரோப்பாவில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2009இல் இந்தியாவும் தடை செய்தது.

எடை குறைய மாத்திரை உண்டவர்களின் ஈமானையா அது கரைத்தது?

அப்படியானால் கஞ்சா கவலையைத் தீர்க்குமே என்று சில இளைஞர்கள் வாதிடக்கூடும். 2019இல் வெளியான, 23,317 பேரை உள்ளடக்கிய 11 ஆய்வுகளின் தொகுப்பு வேறு செய்தி சொல்கிறது. பதின்பருவத்தில் கஞ்சா பயன்படுத்தியோரிடம் பின்னாளில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடுதலாகக் காணப்பட்டன. கஞ்சாவே காரணம் என அறுதியிட இயலாவிட்டாலும், பெற்றோர் அஞ்சுவதற்கு இது போதும்.

ஆகவே, 'வாழப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், துஆவோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். சர்க்கரை நோய்க்கு அப்படித்தானே செய்கிறோம்! 14416 என்ற அரசின் இலவச எண்ணில் இரவு பகலாகத் தமிழிலும் பேசலாம். அதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். வஸ்ஸலாம்.